முந்தானையில் தயோஃபீனால்

திருவண்ணாமலைக்கு வேலையாக வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிற எவரையும் நம்பாதீர்கள். தணிக்கைக்கு வருபவர், பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வருபவர், பாலம் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க வருபவர், எல்லோரும் பையில் ஒரு வேட்டியையும் துண்டையும் மடித்து வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். முதலில் சுவாமி, பிறகு சாப்பாடு, பிறகு சின்னதாக ஒரு தூக்கம். மிச்சமிருக்கும் நேரத்தில் பாலம். நாங்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். பாலத்தைப் பற்றி அவர்கள் வாயைத் திறப்பதற்குள் விபூதிப் பொட்டலத்தைக் கையில் திணித்துவிடுவோம். இந்த ஏற்பாட்டினால் ஊருக்கு நஷ்டம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் வந்தது.

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் இந்த ஊரில் ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளராக இருந்தேன். துறையில் நான் ஒருத்திதான் பெண். கந்தகம் சேர்ந்த கரிமச் சேர்மங்கள் ஆக்சிஜனேற்றம் அடையும்போது என்ன வேகத்தில் அடைகின்றன, ஏன் அந்த வேகத்தில் அடைகின்றன என்பதுதான் நான் பிடித்துக்கொண்ட விஷயம். (பிடித்துக்கொள் என்று யாரும் சொல்லவில்லை.) வசதியில்லாத கல்லூரிகளில் அந்தக் காலத்தில் செய்யக்கூடிய ஆராய்ச்சி அநேகமாக அது ஒன்றுதான். சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் ப்யூரெட் குழாய் ஒன்று, சூடு மாறாமல் வைத்திருக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு நிறுத்துக் கடிகாரம், வலிக்காத இடுப்பு. இவை இருந்தால் போதும். கலவையைத் தொட்டியில் வைத்து, இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் கொஞ்சம் எடுத்து, ஆக்சிஜனேற்றி எவ்வளவு மீந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். ஸ்டார்ச் விட்ட கரைசலின் நீலம் ஒரே ஒரு சொட்டில் மறைந்துபோகும். அந்தச் சொட்டுக்காக நான் சாப்பாட்டை மறந்திருக்கிறேன், காய்ச்சலை மறந்திருக்கிறேன், என்னைப் பெண்பார்க்க வந்தவர்களை ஒருமுறை சுத்தமாக மறந்திருக்கிறேன். அதைப் போல ஒரு சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் கோபித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் கந்தகத்துக்கு நாற்றம் உண்டு. எனக்கு வேண்டிய சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மங்களைத் தயோஃபீனால் என்ற திரவத்திலிருந்துதான் தயாரிக்க வேண்டும். எரிந்த டயரையும் அழுகிய பூண்டையும் சேர்த்து அரைத்து, அடைத்துக்கொண்ட சாக்கடையில் ஊறவைத்தால் அதற்குக் கிட்டத்தில் வரும். இந்த மாதிரிச் சரக்குகளைக் கையாள, புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிக் கூண்டு ஒன்று ஆய்வகத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் இருந்தது ஒரு ஜன்னல். ஆகவே நான் அந்த வேலையை மட்டும் பின்பக்கம் வேப்பமரத்தடியில் வைத்துக்கொண்டேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். எவ்வளவு நெரிசலிலும் என் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். டீச்சரம்மா மீது ஜனங்களுக்கு எவ்வளவு மரியாதை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெயர் கஸ்தூரி. (சிரிப்பவர்கள் இங்கேயே சிரித்துவிடுங்கள். என் மாணவர்கள் எப்போதோ சிரித்து முடித்துவிட்டார்கள்.)

இதில் பெரிய கொடுமை, நாளாக ஆக மூக்கு பழகிவிடும். ஊருக்கெல்லாம் நாறும், நமக்கு நாறாது.

முனைவர் பட்டத்துக்கு நான் பதிவு செய்ய வேண்டுமானால், எங்கள் துறையை ஆராய்ச்சி மையமாகப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்க வேண்டும். இல்லையென்றால் மெட்ராஸ் போய்த்தான் படிக்க வேண்டும். அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். அவருக்குக் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை வியாபாரம். நல்லவர்தான். ஆனால் தங்கையையும் மூட்டையையும் காலாகாலத்தில் வண்டி ஏற்றிவிட வேண்டும் என்ற கொள்கை உடையவர்.

"மெட்ராஸ்ல போயி ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறதுலாம் வேணாம் கஸ்தூரி," என்றார். "இங்கியே இன்னா படிக்கணுமோ படிச்சிக்கோ, நான் குறுக்க வரமாட்டேன். உங்க காலேஜிக்கு அந்த அங்கீகாரமோ இன்னாவோ வந்துடுச்சின்னா சரி. வரலன்னா தை மாசம் நான் சொல்ற எடத்துக்குத் தலைய ஆட்டிடணும்."

சரி என்றேன். அங்கீகாரம் வந்துவிடும் என்று எனக்கு அத்தனை நம்பிக்கை. காட்டுவதற்கு என்னிடம் வேலை இருந்ததே! வேலையைப் பார்த்துத்தான் அங்கீகாரம் தருவார்கள் என்று நினைக்கிற வயது.

மெட்ராஸிலிருந்து ஆய்வுக்குழு வரும் தேதியை எங்கள் துறைத்தலைவர் அறிவித்தபோது நான் காலண்டரைப் பார்த்தேன்.

"சார், அன்னிக்குப் பிரதோஷமாச்சே. ஊர்ல கூட்டமா இருக்குமே."

"அதனாலதாம்மா அந்தத் தேதி," என்றார் அவர், என் அறியாமையை மன்னிக்கிற முகத்தோடு. "குழுத் தலைவரோட மிஸஸும் வர்றாங்க. பெரிய பக்தை. அவங்க மனசு குளிர்ந்தா சார் மனசு குளிரும். சாயங்காலம் சார் லேபைப் பார்க்கிற நேரத்துக்கு நீங்க அம்மாவைப் பிரதோஷத்துக்கு அழச்சிட்டுப் போயிடுங்க."

"அப்ப என்னோட ஒர்க்கை யாரு சார் விளக்குறது?"

"தனசேகர் விளக்குவாரு."

தனசேகர் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர். கந்தகத்தை அவர் தீப்பெட்டி அளவில் அறிந்திருந்தார். முந்தின வாரம்தான் என்னிடம் வந்து, "மேடம், இதுல நீலம் மொதல்ல வருமா, கடைசில வருமா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

"சார், பண்ணது நானு. நானே சொல்லிடறனே," என்றேன்.

"யார் பண்ணாங்கன்றது முக்கியமில்லைம்மா. ஒரு லேடியை லேடிதான் கவனிச்சிக்க முடியும். தனசேகரையா அனுப்புறது? நல்ல புடவையா கட்டிக்கிட்டு வாங்க."

இதற்கு என்னிடம் அருமையான ஒரு பதில் இருந்தது. அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து அதை முழுவதும் சொல்லி முடித்தேன். பக்கத்து இருக்கை வழக்கம்போலக் காலி.

நல்ல புடவை என்னிடம் இல்லை. அண்ணி தன் பீரோவைத் திறந்து மயில்கழுத்து நிறப் பட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "எங்கம்மா தலைதீபாவளிக்கி எடுத்துக் குடுத்தது. கறை கிறை ஆக்கிடாத கஸ்தூரி," என்று மட்டும் சொன்னார். வீட்டில் என் பக்கம் இருந்த ஒரே ஆள் அண்ணிதான்.

குழு மதியம் வந்தது. தலைவர், இன்னொரு பேராசிரியர், தலைவரின் மனைவி. வடை பாயசத்தோடு சாப்பாடு, விருந்தினர் மாளிகையில் தூக்கம், எல்லாம் முறைப்படி நடந்தது. அவர்கள் விழிப்பதற்குள் தொட்டியில் ஓடவிட்டிருந்த வினையையும் என் மேசையையும் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பட்டுப்புடவையோடு ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். அங்கே ஒரு அநியாயம் நடந்திருந்தது. பார்வைக்கு அழகாக இருக்கும் என்று துறைத்தலைவர் என் பாட்டில்களையெல்லாம் உயரவாரியாக அடுக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோ மாதிரி எல்லாம் வரிசையாக நின்றன. மரத்தடியில் இருக்க வேண்டிய தயோஃபீனால், குள்ளமாகப் பிறந்த பாவத்துக்கு முன்வரிசையில் நின்றது.

அதை வெளியே கொண்டுபோகத் தூக்கினேன். யாரோ மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டிருக்கிறார்கள். மூடி தனியே வந்தது, பாட்டில் சரிந்தது, கை நனைந்தது. (வெள்ளைக் கோட்டு போட்டிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். துறையில் ஒரே ஒரு வெள்ளைக் கோட்டுதான் உண்டு. அது அன்று துறைத்தலைவர் மேல் இருந்தது.) பாட்டிலை வெளியே ஓரமாக வைத்து மூடினேன். மேசையைத் துடைத்தேன். நாற்றத்தை எப்படிக் கொல்வது என்பது எனக்கு அத்துப்படி. அதை ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும். அதற்குப் பிளீச்சிங் பவுடர் இருந்தால் போதும். ஓடிப்போய் டப்பாவைத் திறந்தால் காலி. நிமிர்ந்து ஜன்னல் வழியே பார்த்தேன். கல்லூரி வாசலிலிருந்து துறையின் படிக்கட்டு வரை இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று கோடு. பெரிய மனிதர் வந்தால் எங்கள் ஊரில் பிளீச்சிங் பவுடரால் கோடு போடாமல் விடமாட்டார்கள். ஒரு ஆராய்ச்சிக் கூடத்தின் ஆக்சிஜனேற்றி முழுவதும் அன்று தரையில் கிடந்து வரவேற்றுக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்தது பர்மாங்கனேட், ஊர்க் கிணறுகளில் போடுவார்களே, அந்த ஊதா மருந்து. பதற்றத்தில் அள்ளிப் போட்டுக் கரைத்து, முழங்கை வரைக்கும் கழுவினேன். நாற்றம் போயிருக்கும். கூடவே கையின் நிறமும் போயிற்று. பர்மாங்கனேட் தோலில் பட்டால் ஊதா மாறிப் பழுப்பாகி ஒட்டிக்கொள்ளும் என்பது முதலாண்டு மாணவனுக்கே தெரியும். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஆக்சாலிக் அமிலத்தில் கழுவினால் வெளுத்துவிடும். அது பூட்டின அலமாரியில் இருந்தது. சாவி துறைத்தலைவரின் இடுப்பில் இருந்தது. துறைத்தலைவர் பூமாலையோடு விருந்தினர் மாளிகையில் இருந்தார். நான் தேங்காய் நார் நிறத்தில் இரண்டு கைகளோடு அங்கே போய்ச் சேர்ந்தேன்.

ஜன்னலெல்லாம் திறந்துவிட்ட காரில் பின்னால் ஏறியதும் அம்மையார், முன்னால் உட்கார்ந்திருந்த என் கைகளைத்தான் பார்த்தார்.

"மருதாணியா? நல்லாப் புடிச்சிருக்கே!"

"ஆமாங்கம்மா. எங்க ஊர் எல கொஞ்சம் ஜாஸ்தியாப் புடிக்கும்," என்றேன்.

கோயிலுக்குள் பெரிய நந்திக்கு முன்னால் கூட்டம் நெருக்கியடித்தது. பால் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. எப்படியோ இடம் பிடித்து அம்மையாரை நடுவில் உட்கார வைத்து, நானும் ஒட்டி உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"எலி கிலி செத்துக் கெடக்குதா இங்க?"

"எலி இல்ல, பெருச்சாளிய்யா. ரெண்டு மூணு நாளாயிருக்கும்," என்றார் இன்னொருவர், அனுபவம் உள்ள குரலில்.

பத்துப் பேர் எழுந்து, தாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் தேடினார்கள். பெருச்சாளிக்காக நானும் குனிந்து தேடினேன். கல்லூரிக்காரி என்ற முறையில், "தூண் பக்கமா பாருங்க, காத்து அங்க இருந்துதான் வருது," என்று யோசனையும் சொன்னேன்.

அம்மையாருக்கு வியர்க்க ஆரம்பித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். "கஸ்தூரி, இங்க எங்கயாவது கேஸ் சிலிண்டர் வெச்சிருக்காங்களா? எங்க வீட்டு அடுப்புல ஒரு தடவ கசிஞ்சது. இதே நாத்தம்!"

அன்று காலையிலிருந்து என்னிடம் வேதியியல் கேட்ட முதல் மனிதர் அவர்தான். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. பெருச்சாளியை மறந்தேன், நந்தியை மறந்தேன்.

"கேஸுக்கு வாசனையே கெடையாதுங்கம்மா," என்று தொடங்கினேன். "கசிஞ்சா தெரியணும்னு அதுல ஒரு கந்தகச் சேர்மத்தைக் கலக்குறாங்க. மெர்காப்டன்னு பேரு. நான் வேலை செய்யறது அதோட சொந்தக்காரங்க கூடத்தான்." சொல்லச் சொல்ல அம்மையாரின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. பாவம், கூட்டத்தில் காற்றில்லை என்று நினைத்தேன். முந்தானையை எடுத்து அவர் முகத்துக்கு நேராக விசிற ஆரம்பித்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாட்டில் சரிந்தபோது நான் கையைத்தான் பார்த்தேன். இடுப்பில் செருகியிருந்த முந்தானை நழுவி மேசையில் விழுந்து, சிந்தியதில் பாதியை உறிஞ்சி எடுத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை. அடர்ந்த நிறப் பட்டில் ஈரமும் தெரியவில்லை. என் மூக்குதான் எப்போதோ செத்துவிட்டதே.

நான் விசிற விசிற அவருக்குத் தலை சுற்றியது. தலை சுற்றச் சுற்ற நான் வேகமாக விசிறினேன். "இந்தச் சேர்மம் காத்துல துளியூண்டு இருந்தாலே மனுஷ மூக்கு கண்டுபுடிச்சிடும்மா, அவ்வளவு நுட்பம்," என்று பாடத்தையும் விடவில்லை. கடைசியில் வேர்வையை ஒற்றிவிடலாம் என்று அதே முந்தானையால் நெற்றியிலிருந்து மூக்குவரை வாஞ்சையாகத் துடைத்துவிட்டேன்.

மெட்ராஸிலிருந்து வந்த பெரிய பக்தை, எங்கள் கல்லூரி போட்ட வடையையும் பாயசத்தையும் கோயில் தரையில் திருப்பிக் கொடுத்துவிட்டு என் மடியில் சாய்ந்தார்.

"மாசமா இருக்குதா?" என்று ஒரு கிழவி விசாரித்தார். அம்மையாருக்கு ஐம்பதுக்கு மேல். பக்கத்தில் இருந்த பூக்காரப் பெண்மணி குனிந்தவர், பாம்பைக் கண்டதுபோல் பின்வாங்கினார்.

"ஏம்மா, ஒம் முந்தானைய மோந்து பாரு!"

மோந்து பார்த்தேன். "ஒண்ணும் இல்லையேங்க," என்றேன், மனதாரத்தான்.

அதன் பிறகுதான் நுனியைத் தடவிப் பார்த்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது. கூட்டம் எனக்கு வழிவிட்டது. மந்திரி வந்தால்கூட எங்கள் ஊர்ப் பிரதோஷக் கூட்டம் அப்படி வழிவிடாது.

செய்தி கல்லூரிக்கு, "அம்மா கோயில்ல மயங்கி உழுந்துட்டாங்க, பேச்சு மூச்சு இல்ல" என்று போய்ச் சேர்ந்தது. அங்கே என்ன நடந்தது என்று தனசேகர் பிறகு சொன்னார். குழுத் தலைவர் மற்ற மேசைகளையெல்லாம் கொட்டாவியோடு கடந்து வந்து, அப்போதுதான் என் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்றாராம். குனிந்து பார்த்து, சுவரில் நான் ஒட்டியிருந்த வரைபடத்தையும் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "நல்லா இருக்கே. இது யாரோட வேலை?" என்றாராம். தனசேகர் வாயைத் திறந்தாராம். அந்த நேரம் பார்த்து ஆள் ஓடி வந்துவிட்டது. (எந்தப் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தீர்கள் என்று நான் கேட்டேன். அவர் இன்றுவரை பதில் சொல்லவில்லை.)

விருந்தினர் மாளிகை வாசலில் நான் தள்ளி நின்றேன். தள்ளி நிற்கச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் வந்து, பயமில்லை, தூங்கினால் சரியாகிவிடும் என்று சொல்லிப் போன பிறகு குழுத் தலைவர் வெளியே வந்தார்.

"என்ன காம்பவுண்டும்மா அது?"

"தயோஃபீனால் சார்."

"அதை எங்க வெச்சு ஹேண்டில் பண்றீங்க?"

துறைத்தலைவர் அவருக்குப் பின்னால் நின்று கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். ஆராய்ச்சியாளர் பொய் சொல்லக் கூடாது என்று நான் எங்கோ படித்திருந்தேன்.

"வேப்பமரத்தடியில சார்."

அவர் ஒன்றும் திட்டவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் விடியற்காலையிலேயே கார் கிளம்பிவிட்டது. அங்கீகாரம் இல்லை என்று பின்னால் தகவல் வந்தது. அபாயகரமான சேர்மங்களைக் கையாள வசதி இல்லை என்பது காரணம். நியாயமான காரணம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நியாயம் சோதனைக்கூடத்தில் நின்றபோது யாருக்கும் தோன்றவில்லை, ஒரு அம்மாளுக்கு வாந்தி வந்த பிறகுதான் தோன்றியது என்பதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

"உங்களைச் சாமியைக் காட்டச் சொன்னேன். நீங்க கெமிஸ்ட்ரியைக் காட்டிட்டீங்க," என்றார் துறைத்தலைவர். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே நல்ல வாக்கியம் அதுதான். அதையும் எனக்கு எதிராகச் சொல்லிவிட்டார்.

தை மாதம் தலையை ஆட்டினேன். மாப்பிள்ளைக்குச் செங்கத்தில் மின்சார வாரியத்தில் வேலை. நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் கோபப்படவாவது வசதியாக இருந்திருக்கும். நான் அதே கல்லூரியில் பாடம் நடத்தினேன், பிள்ளைகளைப் பெற்றேன், விடைத்தாள் திருத்தினேன். எண்பதுகளில் ஆய்வகத்துக்குக் கண்ணாடிக் கூண்டு வந்தது, பின்னாலேயே அங்கீகாரமும் வந்தது. அப்போது என் இடுப்பில் இரண்டாவது குழந்தை. முதல் முனைவர் பட்டம் தனசேகருக்கு. தலைப்பு, சல்ஃபைடுகளின் ஆக்சிஜனேற்றம். என் தொட்டி, என் ப்யூரெட், கணக்கில் பாதி என் கணக்கு. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எனக்கும் நன்றி சொல்லியிருந்தார், அவ்வப்போது கொடுத்த தேநீருக்காக.

அண்ணியின் புடவை கொல்லைக் கொடியில் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. காக்கைகூட அந்தக் கொடியில் உட்காரவில்லை என்று அண்ணி சொல்வார். என்னைத் திட்டியதே இல்லை. பதிலாக, கதையை எடுத்துக்கொண்டுவிட்டார். கல்யாணமோ காதுகுத்தோ, நாலு பேர் கூடினால் போதும், அண்ணி முந்தானையை உருவி எடுத்து விசிறிக் காட்டத் தொடங்கிவிடுவார். "ஒண்ணும் இல்லையேங்க" என்பதை என் குரலிலேயே சொல்வார். எங்கள் குடும்பத்தில் வேண்டாத விருந்தாளி வந்து நாள்கணக்கில் உட்கார்ந்துவிட்டால், "கஸ்தூரி கூட கோயிலுக்கு அனுப்பிடு" என்பார்கள். என் மகன் சொல்கிறான், மருமகள் சொல்கிறாள். போன வருடம் பேரன், வீட்டுக்கு வந்து எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த தன் கணக்கு வாத்தியாரைப் பற்றியே அதைச் சொன்னான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அண்ணி அவ்வளவு நன்றாகச் சொல்வார்.

இத்தனை வருடங்களில் எத்தனையோ பேர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டார்கள். புடவை என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அந்த அம்மாள் பிழைத்தாரா, கையில் பழுப்பு எப்போது போயிற்று என்றெல்லாம் கேட்பார்கள். அன்று தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த வினை என்ன ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. இதுவரை படித்துவந்த நீங்களும் கேட்கவில்லை. பரவாயில்லை, நானே சொல்லிவிடுகிறேன். மெத்தாக்சித் தொகுதி சேர்ந்த சல்ஃபைடு வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைந்தது. நைட்ரோ சேர்ந்தது மெதுவாக அடைந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும்.